தானியங்கியின் சம்பளப் பட்டியல்

தொழில்நுட்ப உலகச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு செய்தி பழகிப்போயிருக்கும்: "இனி இந்த வேலைக்கு மனிதர் தேவையில்லை." கடைக்குக் காசாளர் வேண்டாம், காருக்கு ஓட்டுநர் வேண்டாம், உணவகத்தில் ஆர்டர் எடுக்க ஆள் வேண்டாம் என்று வாரத்துக்கு ஒரு தொழிலுக்குக் கருமாதி நடக்கிறது. படையலும் பந்தியும் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட அந்த ஆள் வேறொரு நாட்டில் இரவுப் பணியில் அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற தகவல் மெல்லக் கசிகிறது. முதல் செய்தி முதல் பக்கத்தில் வரும். இரண்டாவது செய்திக்கு உள்பக்கத்தில் ஒரு மூலை கிடைத்தால் அதிர்ஷ்டம். இப்படி ஆட்கள் மறைக்கப்படுவதற்கு, இயந்திரம் இன்னும் முழுமை பெறவில்லை என்று ஒரு காரணம் சொல்வார்கள். அந்தக் காரணம் போதாது என்பதே இன்று என் வாதம். ஆள் வெளியே தெரிந்தால் நிறுவனத்தின் விலை இறங்குகிறது, தெரியாவிட்டால் ஏறுகிறது. ஆகவே மறைப்பே விற்பனைச் சரக்காகிவிட்டது. அதற்கான விலையை, மறைக்கப்பட்டவர்களும் நாமும் சேர்ந்து கொடுக்கிறோம்.

சான்றுகளுக்கு வருவோம். அமேசான் நிறுவனம் 2018 ஜனவரியில் சியாட்டில் நகரில் காசாளர் இல்லாத கடையைப் பொதுமக்களுக்குத் திறந்தது. கூரை முழுக்கக் கேமரா. அலமாரிகளில் எடை அறியும் கருவி. வேண்டியதை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினால் போதும், பணம் தானாகக் கழியும். ‘ஜஸ்ட் வாக் அவுட்’ என்ற இந்த ஏற்பாடு பின்னர் அமேசான் ஃப்ரெஷ் மளிகைக் கடைகளுக்கும் போனது. 2024 ஏப்ரலில், அமெரிக்க ஃப்ரெஷ் கடைகளிலிருந்து அதை எடுத்துவிடப் போவதாக நிறுவனமே அறிவித்தது. 2022இல் ஆயிரம் விற்பனைகளில் சுமார் 700 விற்பனைகளை மனிதக் கண்கள் சரிபார்க்க வேண்டியிருந்தது என்றும், இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தார்கள் என்றும் ‘தி இன்ஃபர்மேஷன்’ இதழ் எழுதியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்; ஆயிரம் பேரைக் கேமராவுக்குப் பின்னால் மறைப்பது புது வித்தை. அமேசான் இதை மறுத்தது. அந்த ஆட்கள் இயந்திரத்துக்குப் பயிற்சி தரவே காணொளிகளைக் குறியிடுகிறார்கள், விற்பனைகளில் மிகச் சிறிய பகுதியைத்தான் சரிபார்க்கிறார்கள் என்றது. அந்த மறுப்பை அப்படியே ஏற்றுக்கொள்வோம். ஏற்றுக்கொண்டாலும், சியாட்டிலில் ஒருவர் ரொட்டி எடுப்பதை இந்தியாவில் ஒருவர் பார்த்துக் குறித்தார் என்பது மாறவில்லை; திறப்பு விழா விளம்பரத்தில் அவருக்கு இடமில்லை என்பதும் மாறவில்லை. ஃப்ரெஷ் கடைகளில் இதற்கு மாற்றாக வந்தது, வாடிக்கையாளரே பொருளை ஸ்கேன் செய்துகொள்ளும் தள்ளுவண்டி. நெடுந்தேடலுக்குப் பின் காசாளர் கிடைத்துவிட்டார். சம்பளமே கேட்காத காசாளர்.

அமேசான் விவகாரத்தில் இரு தரப்பு உண்டு. பிரெஸ்டோ ஆட்டோமேஷன் விவகாரத்தில் அந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் சொன்னது நிறுவனமே. அமெரிக்கத் துரித உணவகங்களில் காரில் இருந்தபடியே ஆர்டர் சொல்லும் இடத்துக்குச் செயற்கை நுண்ணறிவுக் குரலை விற்ற நிறுவனம் இது. பத்தில் ஏழுக்கும் மேற்பட்ட ஆர்டர்களில், பிலிப்பைன்ஸ் போன்ற இடங்களில் அமர்ந்திருக்கும் மனிதர்கள் கைகொடுத்தார்கள் என்பது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் அது தாக்கல் செய்த ஆவணங்களிலிருந்து 2023 இறுதியில் வெளியே வந்தது. இதற்கும் ஒரு படி மேலே போனது ‘நேட்’ என்ற இணையக் கொள்முதல் செயலி. ஒரே தொடுதலில் எந்த வலைத்தளத்திலும் பொருள் வாங்கித்தரும் செயற்கை நுண்ணறிவு என்று சொல்லி 4 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டியது. அதன் நிறுவனர் மீது 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை மோசடிக் குற்றம் சாட்டியது. செயலியில் உண்மையில் தானாக நடந்த கொள்முதல் நடைமுறையில் பூச்சியம் என்கிறது குற்றப்பத்திரிகை. பிலிப்பைன்ஸில் ஒரு கால் சென்டரில் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு ஆர்டரையும் கையால் நிரப்பினார்களாம். குற்றச்சாட்டு உண்மையானால், இயந்திரம் மனிதரைப் போல நடிப்பதைப் பற்றி உலகமே கவலைப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், மனிதர்கள் இயந்திரத்தைப் போல நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஏன் இந்த நடிப்பு? விடை பழையது. 1770இல் வுல்ஃப்காங் ஃபான் கெம்பெலன், வியன்னா அரசவையில் பேரரசி மரியா தெரசா முன்னிலையில் சதுரங்கம் ஆடும் பொம்மை ஒன்றைக் காட்டினார். தலைப்பாகை கட்டிய துருக்கியர் உருவம், எதிரே பெட்டி, பெட்டிக்குள் பல்சக்கரங்கள். சக்கரங்களுக்கு இடையில் ஒளிந்திருந்தது ஒரு மனிதர். 1854இல் பிலடெல்பியாவில் தீயில் எரிந்துபோகும் வரை அது ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றிக் கூட்டம் சேர்த்தது. பெட்டிக்குள் ஒளிந்தவர்களில் பலர் தேர்ந்த ஆட்டக்காரர்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மோசடியாக இருந்தது ஆட்டம் அல்ல. யார் ஆடுகிறார் என்பதுதான். அதே ஆட்டக்காரர் வெளியே அமர்ந்து ஆடியிருந்தால் அவரைப் பார்க்க டிக்கெட் எடுத்துக்கொண்டு யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஒரே திறமைக்கு வெளியே ஒரு விலை, பெட்டிக்குள் ஒரு விலை. கூடுதல் விலை பெட்டியின் சொந்தக்காரருக்கு. இந்த வரலாற்றை மறந்து நமது தொழிலதிபர்கள் செயல்படுகிறார்கள் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. 2005இல் சிறு சிறு வேலைகளை இணையத்தில் ஆட்களுக்குப் பிரித்துத்தரும் சேவையைத் தொடங்கியபோது, அமேசான் அதற்கு ‘மெக்கானிக்கல் டர்க்’ என்று அந்தப் பொம்மையின் பெயரையே வைத்தது. விளம்பர வாசகம், ‘செயற்கையான செயற்கை நுண்ணறிவு’. இந்தத் துறையில் இவ்வளவு நேர்மையான வாசகம் அதற்குப் பிறகு வந்ததில்லை.

இன்றைய பெட்டிக்கு விலை வைப்பவர்கள் முதலீட்டாளர்கள். ஆட்களை வைத்து வேலை செய்து கொடுக்கும் நிறுவனத்துக்குச் சந்தை தரும் மதிப்பு, பெரும்பாலும் அதன் ஓராண்டு வருவாயை ஒட்டியே நிற்கும். மென்பொருள் நிறுவனம் என்றால் அந்த வருவாய்க்குப் பல மடங்கு மதிப்பு. காரணம் எளிது. ஆட்களை நம்பும் தொழிலில் வாடிக்கையாளர் கூடக்கூடச் சம்பளமும் கூடும். மென்பொருளில் அடுத்த வாடிக்கையாளருக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. எனவே ஆயிரம் பேரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் தன்னை மென்பொருள் நிறுவனம் என்று காட்டிக்கொள்ள, அந்த ஆயிரம் பேரும் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். இதையே எதிர்ப்பக்கத்திலிருந்து நிரூபித்தது ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம். வாடிக்கையாளர் சேவையில் 700 முழுநேர ஊழியர்களின் வேலையைத் தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளரே செய்கிறது என்று 2024 பிப்ரவரியில் அது பெருமையாக அறிவித்தது. மனிதர்கள் இருந்தால் மறை, இல்லாவிட்டால் பறையறிவி. இரண்டும் ஒரே கணக்கு. 2025 மே மாதத்தில், செலவைக் குறைக்கும் ஆர்வத்தில் சேவையின் தரம் தாழ்ந்துவிட்டது, வாடிக்கையாளர் விரும்பினால் பேச எப்போதும் ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்று அதன் தலைமைச் செயல் அதிகாரியே சொல்லி, மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கினார். வாடிக்கையாளர் சேவையில் மனிதர் தேவை என்ற இந்த மகத்தான கண்டுபிடிப்புக்கு ஓராண்டுக்கும் மேல் ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மறைந்திருக்கும் ஆட்களைப் பற்றிய எல்லாக் கதைகளும் உண்மை ஆகிவிடாது. பில்டர்.ஏஐ என்ற லண்டன் நிறுவனம், மைக்ரோசாஃப்ட் முதலீடும் பெற்று, 100 கோடி டாலருக்கு மேல் மதிக்கப்பட்டு, 2025 மே மாதத்தில் திவாலானது. உடனே, 700 இந்தியப் பொறியாளர்கள் செயற்கை நுண்ணறிவாக நடித்தார்கள் என்ற செய்தி உலகைச் சுற்றியது. அங்கே வேலை செய்தவர்கள் அதை மறுத்தார்கள். நிறுவனத்தை வீழ்த்தியது பெருக்கிக் காட்டிய வருவாய்க் கணக்கு. தன் செயற்கை நுண்ணறிவுத் திறமையை மிகைப்படுத்துவதாக 2019இலேயே அதன் மீது புகார் எழுந்தது உண்மை. ஆனால் 700 பேர் முகமூடி அணிந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. அந்தக் கதை ஏன் அவ்வளவு சுலபமாக எடுபட்டது? ஏ.ஐ. என்றால் ‘ஆக்சுவலி இண்டியன்ஸ்’ என்ற கேலி ஏற்கெனவே பரவியிருந்ததால்தான். இந்தக் கேலிக்கு நாமும் சேர்ந்து சிரிக்கிறோம். கேலி யார் மேல் விழுகிறது என்று பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். பொய் சொன்னது மேடையில் நின்ற நிர்வாகி. கீழே உட்கார்ந்தவர் செய்தது நேர்மையான வேலை. ஏமாற்றுக்காரர் என்ற பட்டம் மட்டும் கீழே இருப்பவருக்கு.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு பொறியாளர்களிடமிருந்து வரும்: எந்த இயந்திரமும் மனிதரிடமிருந்துதான் கற்கிறது, இது இடைக்கால ஏற்பாடு, கற்று முடித்ததும் ஆட்கள் விலகிவிடுவார்கள். இதில் உண்மை இருக்கிறது. படங்களை அடையாளம் காணும் இன்றைய திறமைக்கு வித்திட்ட ‘இமேஜ்நெட்’ தொகுப்பில் உள்ள ஒரு கோடிக்கும் மேற்பட்ட படங்களை, மெக்கானிக்கல் டர்க் வழியாக 167 நாடுகளைச் சேர்ந்த சுமார் 49,000 பேர் குறியிட்டார்கள். அந்த உழைப்பிலிருந்து உண்மையான தொழில்நுட்பம் பிறந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மெக்கானிக்கல் டர்க் வந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன, இடைக்காலம் முடியவில்லை. அன்று பூனைப் படத்துக்குக் குறியிட்டார்கள். இன்று உரையாடும் இயந்திரம் தரும் இரண்டு பதில்களில் எது மேல் என்று மதிப்பெண் போடுகிறார்கள். ஒரு வேலை முடிந்தால் இன்னும் நுட்பமான அடுத்த வேலை பிறக்கிறது. மேலும், இடைக்காலம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்வதில் என்ன நட்டம்? ஓட்டுநர் இல்லாத கார்களை இயக்கும் வேமோ, சிக்கலான நேரங்களில் தொலைவிலிருந்து மனிதர்கள் யோசனை தருகிறார்கள் என்று தானே விளக்கி எழுதியது. 2025 மே மாதத்துக்குள் ஒரு கோடிக் கட்டணப் பயணங்களையும் எட்டியது. அதன் போட்டியாளரான க்ரூஸ் நிறுவனத்தின் கார், 2023 அக்டோபரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பெண்ணைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்ற பிறகுதான், சில மைல்களுக்கு ஒருமுறை அந்தக் கார்களுக்கு மனித உதவி தேவைப்பட்டது என்ற செய்தி பரவலானது. 2024 டிசம்பரில் க்ரூஸின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்ஸி முயற்சியையே கைவிட்டது. மனிதர் இருப்பதைச் சொன்ன வண்டி கவிழவில்லை.

இரண்டாவது மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வரும், அதனால் கனமானது. கென்யாவிலும் பிலிப்பைன்ஸிலும் மட்டுமா இந்த வேலை இருக்கிறது? விருதுநகர் போன்ற நம் ஊர்களிலும் இளைஞர்கள் படங்களுக்குக் குறியிட்டும் பதில்களைச் சரிபார்த்தும் சம்பாதிக்கிறார்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் அறை வாடகை கொடுக்காமல் வீட்டிலிருந்து போய்வரும் வேலை. இதை அம்பலப்படுத்துகிறேன் என்று கிளம்பி அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போடலாமா? நான் கேட்பது வேலையை நிறுத்த அல்ல, வேலை செய்கிறவரைக் கணக்கில் சேர்க்க. சாட்ஜிபிடியின் நச்சுப் பேச்சை வடிகட்டும் பணிக்காகக் கென்யாவில் ஆள் வைத்த சாமா நிறுவனத்துக்கு, ஓப்பன்ஏஐ மணிக்கு 12.50 டாலர் தர ஒப்பந்தம் செய்ததாகவும், தொழிலாளர் கைக்குப் போனது மணிக்கு 2 டாலருக்கும் குறைவு என்றும் 2023 ஜனவரியில் ‘டைம்’ இதழ் வெளிக்கொணர்ந்தது. அலுவலகம், நிர்வாகம், இதர செலவு என்று இடைவெளிக்கு விளக்கம் இருக்கலாம். ஆனால் அந்த விளக்கத்தைக் கேட்டு வாங்கும் இடத்தில் தொழிலாளர் இல்லை. உலகத்துக்கு அவர் இருப்பதே தெரியாது. இல்லாத ஆள் எப்படிக் கூலி உயர்வு கேட்பார்? 2000களில் நம் கால் சென்டர் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெயர் சூட்டி, அமெரிக்க உச்சரிப்பும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது பெயர்தான் போயிற்று. குரல் மிஞ்சியது, எதிர்முனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற மரியாதையும் ஓரளவு மிஞ்சியது. இப்போது குரலையும் இயந்திரத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். வேலை கொடுத்தார்களே என்று நன்றி சொல்லும்போது, அந்த வேலையின் பெருமையை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது மறுப்பு வாடிக்கையாளருடையது: பொருள் வந்தது, காசு சரியாகக் கழிந்தது; உள்ளே சக்கரம் சுழன்றால் என்ன, ஆள் உட்கார்ந்திருந்தால் எனக்கென்ன? உங்களுக்குத்தான் முதலில் கவலை வர வேண்டும். இயந்திரத்திடம் நடந்துகொள்வது போல மனிதரிடம் யாரும் நடந்துகொள்வதில்லை. அமேசானின் அலெக்ஸா கருவியிடம் பேசுகிறவர் மின்விசிறியிடம் பேசுவது போலக் கூச்சமில்லாமல் பேசுகிறார். அந்தப் பதிவுகளில் ஒரு பகுதியை அமெரிக்கா, கோஸ்டாரிகா, இந்தியா, ருமேனியா நாடுகளில் ஊழியர்கள் கேட்டுக் குறிப்பெடுக்கிறார்கள் என்று 2019இல் ‘ப்ளூம்பெர்க்’ செய்தி வெளியிட்டது. பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனை வளர்க்க மிகச் சிறிய மாதிரியை மட்டுமே கேட்கிறோம் என்றது அமேசான். இருக்கட்டும். யாருமில்லை என்று நம்பிய அறையில் ஒருவர் இருந்தார் என்றால், அவர் எத்தனை நிமிடம் இருந்தார் என்பது இரண்டாவது கேள்விதான். பிழை நேர்ந்தாலும் இதே மறைப்பு உங்களுக்கு எதிராகத் திரும்பும். தவறாகப் பணம் கழிந்தால், ஆர்டர் மாறினால், "சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது" என்பார்கள். சரியாக நடந்தால் பாராட்டு நிறுவனத்துக்கு, தவறினால் பழி சிஸ்டத்துக்கு. பதில் சொல்ல வேண்டியவர் யாரென்று வாடிக்கையாளருக்குத் தெரிய வழியில்லை.

சட்டம் தூங்கவில்லை என்பீர்கள். தூங்கவில்லைதான், ஆனால் ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருக்கிறது. நேட் வழக்கில் ஏமாற்றப்பட்டவர்களாகக் குற்றப்பத்திரிகை காட்டுவது முதலீட்டாளர்களை. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதாகப் பொய் சொன்ன இரண்டு முதலீட்டு ஆலோசனை நிறுவனங்களுக்கு 2024 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் மொத்தம் 4 லட்சம் டாலர் அபராதம் விதித்ததும் அதே அக்கறையால்தான். பிரெஸ்டோ தொடக்கத்தில் தவறான தகவல் தந்ததாக 2025 ஜனவரியில் ஆணையம் உத்தரவு போட்டது, அபராதம் இல்லை. பணம் போட்டவரிடம் ஆள் இருப்பதை மறைத்தால் குற்றம். பர்கர் வாங்கியவரிடம் மறைத்தால் விளம்பரம். அந்த ஆளையே உலகிடமிருந்து மறைத்தால் அது ரகசியக் காப்பு ஒப்பந்தம். மூன்றும் ஒரே பொய். பெரும்பாலும் ஒன்றைத்தான் விசாரிக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மனிதர் தேவையில்லை என்று அறிவிக்கும் எந்த நிறுவனமும், அந்தச் சேவைக்குப் பின்னால் எத்தனை பேர், எந்த நாட்டில், என்ன கூலிக்கு, எத்தனை விழுக்காடு வேலையில் கைகொடுக்கிறார்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதட்டும், விளம்பரத்திலும் எழுதட்டும். உணவுப் பொட்டலத்தில் சர்க்கரை எத்தனை கிராம் என்று அச்சிட வைக்க முடிந்த அரசுகளால் இதையும் செய்ய முடியும். அதுவரை, பத்திரிகையாளர்களும் வாசகர்களும் ஒவ்வொரு அறிவிப்பிலும் சம்பளப் பட்டியலைக் கேட்கட்டும். இவ்வளவு நுணுக்கமான தகவலைத் திரட்டுவது கடினம் என்று நிறுவனங்கள் சொல்லும். அவர்களுக்குப் பிரெஸ்டோவே பதில். எழுபது விழுக்காடு என்ற அந்த எண்ணைக் கண்டுபிடிக்க எந்தச் செயற்கை நுண்ணறிவும் தேவைப்படவில்லை. பொய் எழுதினால் தண்டனை உண்டு என்ற ஒரு படிவத்தை நீட்டியதும், எண் தானாக வந்து விழுந்தது. இந்தத் துறையில் முழுக்கத் தானியங்கியாக நடந்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.